இருபதில் பதினாறு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையுமில்லை, கை ஒன்றைத் தவிர. நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, எல்லாம் இடது கை உபயம். தினமும் ஒரு பக்கமாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் 'ம்' கொட்டுகிறேன். அதற்குக் கடிதமே மேல்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரித் துணி உலர்த்தும் கம்பிகள். பக்கத்துக் கட்டில்காரர் லாரி டிரைவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்குப் பாதத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். 'கால் அண்ணன்' என்று பேர் வைத்துவிட்டேன். அவர் ஒட்டவைத்த என் வலது கைக்கு 'விருந்தாளி' என்று பேர் வைத்தார். "வந்திருக்காரு, தங்குறாரான்னு பாப்போம்" என்கிறார்.

வைத்தியத்தைப் பற்றிக் கேட்டாயே. என் வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் என்று ஒன்றைப் பிரித்து வளர்த்து, நரம்பைத் தைத்த இடத்தில் ஊசியாகப் போடுவார்கள். மூன்று தடவை. நரம்பு தானாக வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டராம், அதுவும் பாதி வழியில் நின்றுவிடுமாம். இந்தச் செல் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் என்கிறார்கள். போகும் என்று சத்தியம் செய்யவில்லை. சோதனை முறைதான் என்று மூன்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எப்படியோ, நீ கிண்டல் செய்த தொப்பைக்கு ஒரு வேலை கிடைத்தது.

இன்று முதல் பரிசோதனை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பயிற்சி கொடுக்கும் அம்மா நைலான் நூல் மாதிரி ஒன்றால் விரலில் இருபது தடவை தொடுவார். தொடும்போது 'ஆமாம்' சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு நூல்காரம்மா என்று பேர். நான் வாங்கிய மதிப்பெண் சுழியம். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

உன் தம்பி

* * *

ஜனவரி 24

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? குளிருக்கு அந்தக் கைக்கு உறை போட்டுக்கொள்கிறாயா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். பெரியவளுக்குப் பரீட்சை. சின்னவள் உன் கட்டில் தனக்குத்தான் என்று பிடித்துக்கொண்டாள்.

பிரஸ்ஸில் நான் இப்போது காகிதம் வெட்டும் கட்டிங் பக்கம் இல்லை. ஃபோர்மேனிடம் கேட்டு ஒட்டுகிற மேசைக்கு மாறிவிட்டேன். நாள் முழுக்க அட்டைக்குப் பசை தடவுகிறேன். உன் கையை வாங்கிய மிஷினின் சத்தம் அங்கேயும் கேட்கத்தான் செய்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இங்கே ஆப்பரேஷன் செய்த டாக்டர் ஒன்றரை வருஷத்துக்குள் உணர்ச்சி வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மாதம் ஆகப் போகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த நூல் சோதனையில் எவ்வளவு என்று எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் அதை எழுது.

உன் கையை நான் துடைத்துவிடும்போது எவ்வளவு சில்லென்று இருக்கும். அது இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அக்கா

* * *

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோருடைய சுகமும் இதே மாதிரி, அல்லது இதைவிடக் கொஞ்சம் நன்றாக, இருக்கட்டும்.

முதல் ஊசி போட்டாயிற்று. ஊசி வலித்தது மணிக்கட்டுத் தழும்பு வரைதான். அதற்குக் கீழே யாருக்கோ போட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தழும்பின் மேல் விரலால் தட்டிப் பார்த்தார். தழும்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரைக்கும் மின்சாரம் மாதிரி சுரீர் என்றது. நரம்பு அதுவரை வந்திருக்கிறதாம். அங்கேயே தங்கிவிடாமல் நடந்தால் சரி.

நூல் சோதனை இருபதுக்குச் சுழியம்.

நூல்காரம்மாவுக்கு முட்டிவலி. உட்காருகிற நாற்காலியும் அவர் வயசுதான் இருக்கும். நீ கேட்டாயே என்று எழுதுகிறேன், வேறு செய்தி இல்லை.

உன் தம்பி

* * *

மார்ச் 3

தம்பி,

நலமா? நாங்கள் நலம்.

நீ எழுதியதை மாமா சத்தமாகப் படித்துச் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுழியம் என்று எழுதிவிட்டு எப்படி உன்னால் நாற்காலியைப் பற்றி எழுத முடிகிறது?

எல்லா விரலும் வேண்டாம். ஒரு விரல், ஒரே ஒரு விரலில் தொட்டால் தெரிந்தால் போதும். அந்த அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொடச் சொல். நீ அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறாயோ என்னவோ, நிதானமாக யோசித்துச் சொல். எனக்காக.

அக்கா

* * *

மார்ச் 20

அக்கா! அக்கா!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இது: இருபதுக்குப் பதினொன்று!

இரண்டாவது ஊசி போட்டு ஒன்பதாவது நாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒன்று நடந்தது. தொட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இப்போது என்று தெரிந்தது. 'ஆமாம்' என்றேன். மறுபடியும் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அந்த அம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். "கண்ணைத் தொறக்கலையே?" என்று கேட்டார். கால் அண்ணன் சாட்சி சொன்னார்: "இவன் கண்ணை மூடினா தூங்கிடுவானேன்னு நாந்தான் காவல் இருந்தேன்."

அக்கா, நான் எதற்கும் அழாதவன் என்று உனக்குத் தெரியும். ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட அழவில்லை. இன்று கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

விருந்தாளி தங்குவார்போல இருக்கிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

* * *

மார்ச் 28

என் கண்ணான தம்பிக்கு,

பதினொன்று! கடிதத்தை எடுத்துக்கொண்டு பசைக் கையோடு பிரஸ் முழுக்க ஓடினேன். ஃபோர்மேன், "கடுதாசியையும் ஒட்டிடாதம்மா" என்றார். கடிதத்தின் மூலையில் இப்போதும் பசை இருக்கிறது.

ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன். மாமா தட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். விடிந்த பிறகுதான் கண் விழித்தேன். சின்னவளைப் பள்ளிக்கு அனுப்ப நேரமாகிவிட்டது. என்றைக்கு இப்படித் தூங்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

இன்று கட்டிங் அறைக்குள் போனேன். ஏழு மாதத்துக்குப் பிறகு. மிஷின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்தேன். நின்றேன், கீழே விழவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பதினொன்று பன்னிரண்டாகட்டும். உடனே எழுது.

அக்கா

* * *

மே 2

தம்பி,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் கால் அண்ணன் எடுத்து, "பயிற்சிக்குப் போயிருக்கான்" என்கிறார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பயிற்சியா? கல்லுளிமங்கன் மாதிரி இருக்காதே. கை வந்ததும் அக்கா வேண்டாதவளாகிவிட்டாளா?

கோபத்தில் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எவ்வளவு வந்திருக்கிறது?

அக்கா

* * *

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவரின் நலமும் அறிய ஆசை. மூன்றாவது ஊசியும் போட்டார்கள். இருபதில் பதினாறு.

வேறு விசேஷமில்லை. பயிற்சி அதிகம், அதனால் எழுதவில்லை. சாப்பாட்டை விடாதே.

உன் தம்பி

* * *

ஜூன் 4

என் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம்.

இருபதில் பதினாறு. உன் கை உனக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் சொல்லலாம். இத்தனை நாள் சொன்னால் அது உனக்கு ஆறுதலாக இருக்காது, என் பாரத்தை உன் தலையில் இறக்குவதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம்.

அந்த மிஷினை ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும். இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை உள்ளே இருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? வேலை ஓடட்டும் என்று நீ காகிதத்தைத் தள்ளினாய், நான் பக்கத்தில் நின்று இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். முதலில் நீ கையை எடுத்துவிட்டு 'ஆச்சு' என்று சொல்வாய், பிறகுதான் நான் அழுத்துவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை யார் சொல்லிக்கொண்டிருப்பது? போகப் போகச் சொல்வதை விட்டுவிட்டோம். உன் தோள் பின்னால் வந்தால் நான் அழுத்துவேன், பிறகு தோளையும் பார்ப்பதில்லை, தாளக் கணக்குதான். 'அக்காவும் தம்பியும் பேசாமலே வேலை பார்க்கிறார்கள்' என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அன்றைக்கு ஒரு தாளின் மூலை மடங்கியிருந்தது. அதை நீவிவிட நீ மறுபடி கையை உள்ளே விட்டாய். நீ 'ஆச்சு' சொல்லவில்லை. நான் காத்திருக்கவில்லை. பாடப்புத்தக ஆர்டருக்கு நேரமாகிறதே என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அழுத்தினேன்.

விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கட்டுப் போட்ட கையோடு நீ இடது கைப் பெருவிரலை வைத்தாய். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். என்னைத் திட்டு. அந்தக் கையாலேயே ஒரு அறை அறை, வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

* * *

ஜூன் 4

அக்காவுக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படி. மாமா பக்கத்தில் இருந்தால் நல்லது.

பதினாறு என்று எழுதினேனே, அது பொய். உணர்ச்சி வரவேயில்லை.

பதினொன்று பொய்யில்லை. நான் நம்பித்தான் எழுதினேன். கட்டிங் மிஷின்காரனுக்குக் கண் காகிதத்தில் இருக்கும், காதுதான் கத்தியைப் பார்க்கும். பதினாலு வருஷப் பழக்கம். நூல்காரம்மா தொடுவதற்குக் குனியும்போதெல்லாம் அந்தப் பழைய நாற்காலி கிறீச்சிடும். என் காது அதைப் பிடித்து வாய்க்குச் சொல்லிவிட்டது. கை சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன். ஏப்ரலில் யாரோ நாற்காலிக்கு எண்ணெய் விட்டார்கள். அன்றைக்குச் சுழியம். நூல்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்து, தொடாமலே நாற்காலியை மட்டும் தரையில் இழுத்துப் பார்த்தார். நான் 'ஆமாம்' என்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க மேல தப்பில்ல" என்று சொன்னார். அதன் பிறகு எத்தனை தடவை பார்த்தும் சுழியம்தான்.

டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும். பொய் உனக்கு மட்டும்தான். மார்ச்சில் மாமா தனியாக எனக்கு எழுதியிருந்தார். நீ சாப்பிடுவதில்லை, மிஷின் சத்தத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாய், 'அவன் கையைப் பத்தி ஏதாவது நல்லதா எழுதப்பா' என்று.

இப்போது பொய்யைத் தொடர வழியில்லை. போன மாதம் இருபத்தோராம் தேதி சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றேன். வெந்நீர்த் தொட்டியின் மேல் கை சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற கால் அண்ணன்தான், "டேய், ஏதோ கருகுதுடா" என்றார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறையைப் பார்த்தேன்.

புண் ஆறவில்லை. சீழ் எலும்புவரை போய்விட்டது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஒட்டவைத்ததைவிடக் கூடுதலாகவே போகிறது.

உன் தம்பி

* * *

ஜூன் 13

அக்காவுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் குணமானேன் என்று நம்பி நீ சொன்னாய். இப்போது என் கடிதம் உன் கையில் இருக்கும்.

நீ சொன்னது எனக்குப் புதிதில்லை. கத்தி இறங்கிய உடனே நான் முதலில் பார்த்தது உன் முகத்தைத்தான். உனக்கு வேலை போகக் கூடாது என்றுதான் பெருவிரலை வைத்தேன்.

கோபமில்லை என்று எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது அக்கா. நீ ஒவ்வொரு கடிதத்திலும் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டபோது, இவள் என் கைக்காகக் கேட்கிறாளா, தன் தூக்கத்துக்காகக் கேட்கிறாளா என்று நினைத்தேன். பதினாறு என்று எழுதியதில் பாதி உன்மேல் இருந்த பாசம். மீதி, இனி கேட்காமல் இருந்தால் போதும் என்ற வெறுப்பு. இப்படி எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை. 'ஆச்சு' சொல்வதை நிறுத்தியது நீ மட்டுமில்லை, நானும்தான். அதுவும் தெரியும். தெரிந்தும் கோபம் போக மாட்டேன் என்கிறது.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கையை எடுக்க என் சம்மதம் மட்டும் போதாதாம். ரத்த உறவில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மாமா போடலாமா என்று கேட்டேன், செல்லாதாம். நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டாவது பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் போட்டு, மாதம் முடிவதற்குள் தபாலில் அனுப்பு. நீ வர வேண்டாம்.

உன் தம்பி

* * *

ஜூன் 24

தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. காய்ச்சல் குறைந்ததா? அதை மட்டும் கேட்கிறேன்.

படிவம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தேன். 'மேற்படி நோயாளியின் வலது கையை அகற்றுவதற்கு முழு மனதோடு' என்று அச்சடித்திருந்தது. நம் பிரஸ் மாதிரி ஏதோ ஒரு பிரஸ்ஸில்தான் அடித்திருப்பார்கள். ஓரம் கொஞ்சமும் பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். பேனாவை வைத்துவிட்டேன். மாமா, "போடு, நாள் போகுது, அவன் உயிருக்கு ஆபத்து" என்றார். அவர் சொல்வது சரிதான். பெரியவள் அழுதாள். நான் போடவில்லை.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். என் தூக்கத்துக்காகத்தான் கேட்டேன். உன் கைக்காகவும் கேட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கும் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். நீ மன்னித்தேன் என்று எழுதினாலும் நம்ப மாட்டேன்.

பிரஸ் வேலையை விட்டுவிட்டேன். அன்றைக்கு நடந்ததை எழுதி ஃபோர்மேனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது, மூடின கேஸு" என்று திருப்பிக் கொடுத்தார். அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நாளைக் காலை வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து உன் இடது கையில் கொடுப்பேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு படி.

படிவம் என் பையில் இருக்கிறது. காலியாகத்தான் இருக்கிறது. அதில் என் பேரை எழுத வேண்டியவள் நான்தான் என்று தெரியும், எழுதுவேன். உன்னிடமிருந்து அந்தக் கையை இரண்டாவது தடவையும் நான்தான் எடுக்க வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் நீ வாயைத் திறந்து சொல்லாமல் எழுத மாட்டேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டேன்.

படித்து முடித்ததும் சொல். நான் காத்திருக்கிறேன்.

அக்கா